‘காலி’ என்று எழுதியிருந்த வரி

“காலின்னு எழுதாதீங்கப்பா. காலியா இருக்கிறது வேற, உள்ள யாரு இருக்கான்னு தெரியாம இருக்கிறது வேற.”

என் அத்தை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம் இது. ஆபீசில் சொல்வாள். ஃப்ரிட்ஜுக்குள் மாமா மூடி வைத்த டப்பாவைப் பார்த்துச் சொல்வாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காட்டி “காலியா?” என்று கேட்கிற அப்பாவிகளிடமும் சொல்வாள். அவர்கள் எதற்கு வம்பு என்று நின்றுகொண்டே வருவார்கள்.

பாதி மூக்கு, பாதி தொண்டை. அதுதான் அத்தையின் குரல். ஆனால் முக்கியம் அதுவல்ல. பேச ஆரம்பிக்கும் முன், யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட்ட மாதிரி, ‘ஹ்க்’ என்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். அந்த மூச்சைப் பிடித்துவிட்டால் அத்தையையே பிடித்த மாதிரி. நான் பிடித்துவிட்டேன். அவள் வீட்டில் இல்லாதபோது சமையலறையிலிருந்து அவள் குரலில் “டீ போடவா?” என்று கேட்பேன். மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் “வேணாம்மா” என்பார். ஒரு பக்கம் புரட்டிய பிறகுதான் அத்தை ஆபீஸ் போயிருப்பது உறைக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தையிடம் இன்னொரு சொல் உண்டு: “பார்த்தாச்சு.” கேஸை மூடினீங்களா? பார்த்தாச்சு. கதவு பூட்டியிருக்கா? பார்த்தாச்சு. அந்தச் சொல் வந்துவிட்டால் அப்பீல் கிடையாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. லிஃப்டுக்கு மூளை செய்கிற கம்பெனி. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று தீர்மானிக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று லிஃப்டுக்குள் இருக்கும். அதன் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் வீட்டில் குடியிருப்பவர்கள். இடம் வேண்டும் என்று கேட்டால் இந்த வீட்டுக்காரர் நிஜமான இடத்தைக் காட்டவே மாட்டார். ஒரு பொய்க் கதவு எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவார். நிஜ இடம் வேறெங்கோ இருக்கும். எந்தப் பொய்க்கு எந்த நிஜம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மெய்நிகர் நினைவகம் என்று இதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது. அத்தை ‘பொய் விலாசத் தெரு’ என்பாள்.

அந்தத் தெருவின் வரைபடத்தை எழுதி வைப்பதுதான் அவள் வேலை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எவ்வளவு பெரிய இடம், யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரே அட்டவணை. புதிதாக எதை எழுதினாலும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எங்கே வைப்பது என்று முடிவு செய்வோம். ஆபீசில் அவளுக்கு ‘மேப் மேடம்’ என்று பெயர். எனக்கு ‘மிமிக்ரி’. சோதனைப் பிரிவில் என் வேலை, அடுத்தவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது. அதோடு அவர்கள் குரலையும் உடைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் புதிய, பெரிய சிப்புக்கு மாறினோம். அட்டவணையைச் சுத்தம் செய்யச் சொல்லி அத்தைக்கு உத்தரவு வந்தது. சுத்தம் என்றால் சும்மா இல்லை. பல பேர் பல வருஷம் கை வைத்த ஆவணம் அது. ஒருத்தர் அளவை மெகாபைட்டில் எழுதியிருப்பார், இன்னொருத்தர் எண்ணாகவே கொட்டியிருப்பார். ஒரு வரியில் கடைசி எண் அந்த வீட்டுக்குச் சொந்தம், அடுத்த வரியில் அது பக்கத்து வீட்டுக்காரரின் முதல் எண். அத்தை கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொருவர் மேஜையாகப் போனாள்.

“ஏம்ப்பா, இந்த நம்பர்ல யாரு குடியிருக்கா?”

“எங்களுதுதான் மேடம். கதவு மோட்டாரோடது.”

“நீங்கதானா, இல்ல போன வருஷம் காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களா?”

“இருக்கோம் மேடம், சத்தியமா இருக்கோம்.”

எல்லா வரிக்கும் ஆள் கிடைத்தார்கள், நடுவில் ஒன்றைத் தவிர. அதில் ‘காலி’ என்று மட்டும் இருந்தது. எவ்வளவு தேடினாலும் கெர்னலில் அந்த எண்ணை யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

“அப்புறம் என்ன மேடம், விடுங்க, அது வந்து...” என்றான் ஜெட்.

ஜெட் எங்கள் டீம் லீடர். எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை, எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளியதுமில்லை. லிஃப்ட் இனி பேச வேண்டும் என்பது அவனுடைய கனவு. ‘நான்காம் தளம், கதவு திறக்கிறது’ என்று அறிவிக்கும் குரலை வைக்க அவனுக்கு ஒரு பெரிய இடம் தேவைப்பட்டது. காலி வரியைப் பார்த்ததும் அவன் கண் பளிச்சென்றது.

“காலின்னு எழுதாதீங்க—” என்று அத்தை மூச்சை இழுத்தாள்.

“நான் எழுதலை மேடம், ஏற்கெனவே எவனோ...”

“அந்த எவன் யாருன்னுதான் எனக்குத் தெரியணும். கையில கிடைச்சான், காதைத் திருகிக் கையில கொடுத்துடுவேன்.”

அவள் தானே போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். எங்கள் அறையில் லிஃப்டே இல்லாத ஒரு லிஃப்ட் இருந்தது. மேஜைமேல் ஒரு போர்டு, மாடிக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள். கயிறும் கிடையாது, பெட்டியும் கிடையாது. தான் ஒரு கட்டடத்துக்குள் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். அத்தை அந்தப் போர்டின் காலி இடத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசை வரிசையாகப் பூஜ்யம். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தாலும் பூஜ்யம்.

பிறகு ஒரு நாள் பூஜ்யங்களுக்கு நடுவே ஒரு 4 நின்றது.

“ஏய் வாலு, இங்க வா!” என்று என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்து போவதற்குள் போய்விட்டது. மறுபடி பூஜ்யம்.

“கண்ணுல பூச்சி பறந்திருக்கும் அத்தை.”

“பூச்சி நாலுன்னு எழுதுமாடி?”

அடுத்த நாள் நானும் பார்த்தேன். 4. மூச்சு விடுவதற்குள் பூஜ்யம். நாங்கள் யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. ஏசி அப்போதுதான் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தது, கழுத்தில் குளிர்ந்தது. ஏசியால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவியது. இந்தக் கெர்னலை முதலில் எழுதியவர் ஒரு பெரியவர். எல்லோரும் ‘பெருசு’ என்பார்கள். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தது நாலாவது மாடியாம்.

“பெருசு வந்து அட்டெண்டன்ஸ் போட்டுட்டு...” என்றான் ஜெட். எல்லோரும் சிரித்தோம். நான் பெருசின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இருமி இருமி “உள்ளேன் ஐயா” என்று சொல்லிக் காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் கிளம்பும் முன் திரையை அணைக்காமல் போனாள். காலையில் வந்ததும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஒரு முறை பார்ப்பாள்.

ஜெட் காத்திருக்கவில்லை. குரல் கலைஞர் கிடைக்கும்வரை தற்காலிகமாக என்னைப் பேசச் சொன்னான். “நல்ல பொம்பளக் குரல், கொஞ்சம் கண்டிப்பா, கொஞ்சம் அன்பா...” என்றான். எனக்குத் தெரிந்த கண்டிப்பான குரல் ஒன்றுதானே! மூச்சோடு சேர்த்துப் பேசிக் கொடுத்தேன். புதிய பதிப்பைச் சோதிக்க ஒரு கட்டடம் வேண்டும் என்றார்கள். அத்தை குடியிருக்கும் அடுக்குமாடியில் எங்கள் லிஃப்ட்தான், அடிக்கடி மக்கர் பண்ணும். இலவசம் என்றதும் குடியிருப்போர் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். “அந்த வரி முடியலைப்பா” என்று அத்தை சொன்னது யார் காதிலும் விழவில்லை.

எட்டாவது மாடியில் வீடு. மாமாவுக்கு முழங்கால் மடங்காது, ஊன்றுகோல். லிஃப்ட் இல்லாவிட்டால் அவருக்கு வெளியுலகம் இல்லை. முதல் நாளே மேலே வந்து கதவைத் திறந்ததும் கேட்டார்.

“ஏம்மா, வீட்டுல என்னை விரட்டினது பத்தாதுன்னு லிஃப்டுக்குள்ளயும் போய் உக்காந்துக்கிட்டியா?”

“என்ன உளர்றீங்க?”

“ ‘எட்டாம் தளம்’னு சொல்லுதே, உன் குரல்ல. நான் பயந்துபோய் ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லிட்டேன். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு.”

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்று சாப்பிடாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

சில நாட்கள் லிஃப்ட் சமர்த்தாக ஓடியது. ஒரு சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்த நேரம், மாமா மருந்து வாங்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார். நானும் அத்தையும் வீட்டுக்குள் இருந்தோம். மின்விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். பிறகு லிஃப்ட் வரவில்லை.

வெளியே ஓடி லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டேன். கீழே, குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம். ‘ஹ்க்.’ கொஞ்சம் அமைதி. ‘ஹ்க்.’ மறுபடி அமைதி. பேச்சு வரவில்லை. பேசுவதற்கு முன்னால் இழுக்கும் அந்த மூச்சு மட்டும், திரும்பத் திரும்ப. அத்தை என் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் வந்து பெட்டியைக் கையால் கீழே இறக்கி மாமாவை வெளியே எடுத்தார். அடி எதுவும் இல்லை. சட்டை மட்டும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை தண்ணீர் கொடுத்தாள்.

“கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு. வண்டி நின்னுச்சு. மறுபடி கிளம்பிச்சு. போயிட்டு நின்னு, கதவு திறந்துச்சு,” என்றார் மாமா. “எதிர்ல சுவர்.”

“எந்த மாடி?”

“மாடியே இல்லம்மா. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. பூசாத சுவர். அதுல ஒரு கை இருந்துச்சு.”

“கையா?”

“கட்டும்போது எவனோ ஈர சிமெண்ட்ல பதிச்சிருக்கான். அஞ்சு விரலும் அப்படியே இருக்கு. இத்தனை வருஷமா நாம அதைத் தாண்டித்தான் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கோம்.” டம்ளரைக் கீழே வைத்தார். “நீ வேற பின்னாலயே மூச்சு விட்டுக்கிட்டு இருந்த. பேசவே மாட்டேன்னுட்ட.”

மறுநாள் அத்தை ஆபீஸுக்குப் போனதும் நேராகச் சோதனைப் போர்டிடம் போனாள். அதன் மின்சாரத்தை ஒரு கணம் இறக்கி ஏற்றினாள். திரையில் 4. மறைந்தது. மறுபடி இறக்கி ஏற்றினாள். 4. அப்போதுதான் போர்டைப் பார்த்தோம். நாலாவது மாடியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதோ யாரோ அங்கே நிறுத்தியதை அப்புறம் எவரும் நகர்த்தவே இல்லை.

“அட்டெண்டன்ஸ் இல்லடி. லிஃப்ட் தான் நிக்கிற இடத்தைக் குறிச்சு வைக்குது.”

முழுக் கதையும் மதியத்துக்குள் வெளியே வந்தது. மின்சாரம் தடுமாறினால், சாவதற்குள் லிஃப்ட் தான் நிற்கும் மாடியை அந்த ‘காலி’ இடத்தில் எழுதி வைக்கும். உயிர் வந்ததும் அதைப் படித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அழித்துவிடும். ஏசி ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் எங்கள் போர்டுக்கு அந்தத் தடுமாற்றம்தான். பெருசு அந்த எண்ணை எங்கும் எழுதவில்லை. முந்தின வீட்டின் கடைசிச் சுவரிலிருந்து எண்ணிக்கொண்டு போய் நிற்கும்படி கணக்காக எழுதியிருந்தார். அதனால்தான் தேடினால் அகப்படவில்லை. இப்போது அங்கே ஜெட்டின் அறிவிப்புக் குரல் குடியேறியிருந்தது. சிமிட்டலுக்குப் பிறகு விழிக்கும்போது, எழுதி வைத்த எண்ணின் மேலேயே குரல் வந்து உட்கார்ந்துவிட்டது; மாடி எண் என்று நினைத்து லிஃப்ட் படித்தது என் மூச்சின் ஒரு துண்டை. படித்ததை வழக்கம்போல அழித்ததில் குரலும் அறுந்து, பேச்சு மூச்சைத் தாண்டவில்லை.

“எவன்டி அந்தக் காலி?” என்றாள் அத்தை. “என் வீட்டுக்காரரைச் சுவத்துக்கு முன்னாடி நிக்க வெச்சவன் எவன்? பழசையெல்லாம் எடு.”

ஆவணத்தின் பழைய பதிப்புகளைத் தோண்டினேன். பின்னால் போகப் போக அட்டவணை அழுக்காகிக்கொண்டே போனது. யார் திருத்தினார்கள் என்று ஆரம்ப காலத்தில் பெயர் போடும் வழக்கம் இல்லை. முதல் தடவையாக ‘காலி’ வந்த பதிப்பில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எழுதியவர் குரலில் படித்துக் காட்டுவது என் வழக்கம் என்பதால் சத்தமாகப் படித்தேன்.

“காலி. யாரும் இல்லை, பார்த்தாச்சு.”

ஜெட்டின் குரலில் படித்தேன். அவனாக இருந்தால் வாக்கியம் முடிந்திருக்காது. பெருசைப் போல இருமிக்கொண்டே படித்தேன். ஒட்டவில்லை. அடுத்ததற்கு நான் யோசிக்கவே இல்லை. மூச்சு தானாக உள்ளே போனது, ‘ஹ்க்’. வாய் தானாகப் பேசியது. அறையில் அத்தை இரண்டு பேர் இருந்தது போல இருந்தது. ஒருத்தி என் வாயில், ஒருத்தி எதிரே.

எதிரே இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நான் சேர்ந்த புதுசு,” என்றாள். “அதுல நாலஞ்சு வார்த்தை இருந்துச்சு. ‘ஒதுக்கியது’ன்னு ஒண்ணு, ‘தொடாதே’ன்னு ஒண்ணு, ‘இடைவெளி’ன்னு ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அழகா இருக்கும்னு, எல்லாத்தையும் காலின்னு மாத்தினேன். உள்ள போயும் பார்த்தேன்டி. பூஜ்யமா இருந்துச்சு. அன்னிக்குக் கரண்ட் ஒழுங்கா இருந்திருக்கு.”

“அத்தை, இதை நான் யார்கிட்டயும்...”

“வாயை மூடு. நாளைக்கு ஊர் பூராவும் போகுது இந்தப் பதிப்பு.”

ஆமாம். மறுநாள் வெளியீடு. மருத்துவமனை லிஃப்டுகளுக்கும் போவதாக இருந்தது. அத்தை ஜெட்டிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். தன் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“மேடம், அவ்வளவு தூரம் எதுக்கு... அடுத்த பதிப்புல குரலை நகர்த்திட்டா... உங்க பேரும் வெளிய... எப்பவோ ஒரு தடவை கரண்ட் சிமிட்டினா...”

அத்தை எழுந்து நடந்தாள். ஆபீஸின் பின்புறம் எங்கள் சோதனை லிஃப்ட் இருக்கிறது. நிஜக் கயிறு, நிஜப் பெட்டி, அது ஏறி இறங்கப் பூசாத சுவர்களோடு ஒரு குழாய். அதில் நாளைய பதிப்பு ஏற்கெனவே ஏற்றியிருந்தது. கதவு திறந்தது. “தரைத்தளம்” என்றது அத்தையின் குரல், என் வாயிலிருந்து போனது.

“ஏறுப்பா,” என்றாள் அத்தை. “மேல போ. நான் நடுவுல ஸ்விட்சை இறக்கி ஏத்தறேன். எப்பவோ ஒரு தடவைதானே?”

ஜெட் பெட்டியைப் பார்த்தான். உள்ளே விளக்கு எரிந்தது. தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

“காலியாத்தானே இருக்கு,” என்றாள். “ஏறு.”

அவன் ஒரு காலைத் தூக்கினான், வைக்கவில்லை. அத்தை கையை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்திப் பெட்டியைத் தனியாக மேலே அனுப்பினாள். ஸ்விட்சை இறக்கினாள், ஏற்றினாள். மேலே ஏதோ நின்றது, யோசித்தது, கிளம்பியது, நின்றது. கதவு திறக்கும் ஓசை குழாய் வழியாக இறங்கி வந்தது. பிறகு அந்த மூச்சு. மறுபடி. மறுபடி. கீழே கூடியிருந்த கூட்டத்தில் யாரும் பெருசைப் பற்றி ஜோக் சொல்லவில்லை.

“நிறுத்திடலாம் மேடம்,” என்றான் ஜெட். நான் கேட்டு அவன் முழுதாக முடித்த ஒரே வாக்கியம்.

வெளியீடு நின்றது. குரல் வேறு இடத்துக்குக் குடிபோனது. அத்தை அந்த வரியைத் தானே திருத்தினாள்: ‘ஒதுக்கியது. மின்சாரம் தடுமாறும்போது லிஃப்ட் தன் இடத்தை இங்கே எழுதும். முன்பு காலி என்று எழுதியவள் நான். ஒரு முறைதான் பார்த்தேன்.’ ஆவணத்தில் இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று மேலிடம் சொன்னது. அவள் அழிக்கவில்லை. அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

கம்பெனி பிறகு நிஜமான குரல் கலைஞரை அமர்த்தியது. அத்தை வீட்டுக் கட்டடத்தில் மட்டும் மாமா பழைய குரலை மாற்ற விடவில்லை. அத்தை போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். இப்போதெல்லாம் மாமா “கீழ போயிட்டு வரேன்” என்று கிளம்புவார், வெறும் கையோடு திரும்பி வருவார். வாட்ச்மேனிடம் கேட்டால் ஐயா வெளியே வரவே இல்லையே என்பார். ஒரு நாள் நானும் அவரோடு ஏறினேன். நான்காம் தளம் தாண்டும்போது மாமா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நேராக நின்றார். ‘ஹ்க்’ என்றது லிஃப்ட். நான் பதிவு செய்தபோது அந்த மூச்சு இவ்வளவு நீளமாக இல்லை.

இப்போது அந்தக் குரலை யாருக்கும் செய்து காட்டுவதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அத்தை கடைசியாக வாயாடியது ஒரு நர்ஸிடம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இரண்டு கட்டில் உள்ள அறை, பக்கத்துக் கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது. நர்ஸ் கையில் பேனாவோடு எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த பெட் காலிதானேம்மா, எழுதிக்கவா?” என்று கேட்டாள். அத்தை தலையைத் திருப்பி அந்தக் கட்டிலை நிதானமாகப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

“ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு காலின்னு எழுதிடாதேம்மா, நானும் அப்படி எழுதினவதான். கரண்ட் போறப்போ வந்து பாரு, அப்புறம் எழுதிக்க.”